அழகம்மா இப்போது இல்லை

ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்க முடியாது என்று சொல்ல, பரிமளம் மூன்றாவது தடவையாகத் தோட்டத்தை நடத்தும் பெரிய தொரையின் ஆபீஸுக்குப் போனது ஒரு புதன்கிழமை. முதல் இரண்டு தடவையும் பேசியது தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் பழனியாண்டி. அவள் பின்னால் நின்றாள். இரண்டு தடவையும் அவர் மேசையைத் தட்டினார், வேலையை நிறுத்துவோம் என்றார், ஹட்டனுக்குப் போய்ப் பெரிய ஆட்களைக் கூட்டி வருவோம் என்றார். தொரை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கொழுந்து முற்றிக்கொண்டிருக்கிறது, மலைக்கு ஏறாதவர்களுக்கு அரைப் பேர்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேர் என்பது ஒரு நாள் சம்பளம். அரைப் பேர் என்றால் அதில் பாதி.

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கிறது அந்தத் தோட்டம். ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் வரிசையாக நிற்கும் டர்பன்டைன் மரங்களில் நான்கு குளவிக்கூடுகள் தொங்கின. கீழே ரோட்டில் நின்று பார்த்தாலே கறுப்பாகத் தெரியும். பலமாகக் காற்றடித்தால், இல்லை பருந்து ஏதாவது வந்து உரசினால், மொத்தமும் கலைந்து கீழே இறங்கும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் அப்படித்தான் இறங்கின. மற்றவர்கள் தேயிலைச் செடிக்குள் விழுந்து இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துப் போர்த்திக்கொண்டு தப்பித்தார்கள். வரிசையின் மேல் முனையில் நின்ற அழகம்மா மாட்டிக்கொண்டாள்.

பரிமளத்துக்கு வயது நாற்பத்து மூன்று. பத்தொன்பது வயதில் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டியவள். இரண்டு வருடமாக மேல் டிவிசனில் சங்கத்தின் மாதர் தலைவி. அந்தப் பொறுப்புக்கு அவளாக ஆசைப்பட்டு வரவில்லை. கூட்டத்தில் வேறு யாரும் கை தூக்கவில்லை, பக்கத்தில் இருந்தவள் இவள் கையைத் தூக்கிவிட்டாள், அவ்வளவுதான். பேசத் தெரியாது என்பது அவள் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணம். கோபம் வந்தால் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகும்.

இந்த மூன்றாவது தடவைக்கு முன்னால் அவள் ஹட்டனில் இரண்டு சனிக்கிழமை பயிற்சிக்குப் போயிருந்தாள். ஒரு நிறுவனம் தோட்டத்துப் பெண் தலைவிகளுக்காக நடத்தியது. கண்டியிலிருந்து சுதர்ஷினி என்ற இளம்பெண் வந்து பேசக் கற்றுக் கொடுத்தாள். பேச என்பதைவிட, எங்கே பேசாமல் இருப்பது என்று. உள்ளே போவதற்கு முன்பே, இதற்கு மேல் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். அந்தக் கோட்டை ஒரே வாக்கியமாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எதிரில் இருப்பவர் எத்தனை காரணம் சொன்னாலும் அதே வாக்கியத்தை, அதே குரலில், ஒரு சொல் மாறாமல் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த அமைதி இருவருக்கும் கஷ்டமாக இருக்கும். யாரால் தாங்க முடியவில்லையோ அவர் முதலில் பேசுவார், பேசுகிறவர் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுப்பார். எல்லோருக்கும் என்று பேசாதீர்கள், ஒரே ஒரு ஆளின் கதையைச் சொல்லுங்கள் என்றும் சொல்லிக் கொடுத்தாள். இதெல்லாம் மனித மனம் வேலை செய்யும் விதம் அக்கா, தந்திரம் மாதிரித் தெரியும், ஆனால் பலமில்லாதவர்களுக்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்டாள். பரிமளத்துக்கு அது நியாயமாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை சாயந்தரம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் சொல்லிப் பார்த்தாள். அழகம்மாவின் கதையை முதலிலிருந்து கடைசிவரை. முகம் வீங்கிய இடம் வந்ததும் அழுகை வந்துவிட்டது. குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அதே இடத்தில் அழுகை வந்தது.

புதன்கிழமை ஆபீஸில் தொரை அவர்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். அவர் வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. முப்பத்தைந்து வயது இருக்கலாம், குருநாகல் பக்கத்துச் சிங்களவர், தமிழ் பாதி விளங்கும். பழைய தொரைகள் யாரும் தொழிலாளர்களுக்கு நாற்காலி கொடுத்ததில்லை. பரிமளம் உட்கார்ந்த நாற்காலி தொரையின் நாற்காலியைவிடத் தாழ்வாக இருந்தது. தாழ்ந்த நாற்காலி போடுவது ஒரு உத்தி என்று சுதர்ஷினி சொல்லியிருந்தாள். இது வேண்டுமென்று போட்டதா, ஆபீஸில் இருந்ததை எடுத்துப் போட்டதா என்று பரிமளத்துக்குப் பிடிபடவில்லை. குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது.

மொழிபெயர்க்க மேல் டிவிசன் கண்டாக்கு ஜனார்த்தனன் ஓரமாக நின்றார். மலை வேலையை மேற்பார்வை செய்கிறவர், பதினைந்து வருடமாக இங்கேயே இருப்பவர்.

பரிமளம் தன் வாக்கியத்தைச் சொன்னாள்.

"கூட்ட எடுக்குற வரைக்கும் ஏழாம் நம்பருக்கு நாங்க வர மாட்டோங்க சேர். வேற மலை குடுங்க, முழுப் பேரு வேலை செய்றோம்."

தொரை காரணங்களை அடுக்கினார். கூடு எடுக்க வெளியிலிருந்து ஆள் வர வேண்டும், அதற்கு மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும், நாளாகும். அவள் அதே வாக்கியத்தைச் சொன்னாள். மரத்துக்குக் கிட்டே உள்ள வரிசைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுக்கலாமே என்றார். அவள் அதே வாக்கியத்தைச் சொன்னாள். முகத்துக்கு வலை வாங்கித் தருகிறேன் என்றார். அதற்கும் அதுதான். நான்காவது தடவை சொன்னபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. பழனியாண்டி நெளிந்துகொண்டிருந்தார். தொரை கொஞ்சம் சிரித்தார். பிறகு, இது பயம்தானா, உண்மையிலேயே ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டார். அந்த விபத்து அவர் வருவதற்கு முன்னால் நடந்தது.

அப்போது அவள் அழகம்மாவைச் சொன்னாள். செடிக்குள் படுத்திருந்தவர்கள் எழுந்து கீழே ஓடினார்கள், கத்துகிற சத்தம் கேட்டு இவள் மட்டும் மேலே ஏறினாள். மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் அழகம்மா குப்புறக் கிடந்தாள். முகம் வீங்கிப் போய் யார் என்று தெரியவில்லை, கால் மெட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கொழுந்துச் சாக்கில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழியெல்லாம் அவள் தண்ணீர் கேட்டாள், குடிக்க வாய் திறக்கவில்லை. சாக்கின் ஒரு முனையைப் பிடித்து வந்தது இவள். அழகம்மா பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

சொல்லும்போது குரல் உடைந்தது. பீலிக்கரையில் உடைந்த அதே இடத்தில்.

ஜனார்த்தனன் மொழிபெயர்த்து முடித்ததும் தொரை அவளையே நேராகத் தமிழில் கேட்டார். "அந்த அழகம்மா எந்த லயத்தில இருக்கிறது?"

"அழகம்மா இப்ப இல்லீங்க சேர்."

ஜனார்த்தனன் அதையும் பழக்கதோஷத்தில் சிங்களத்தில் சொன்னார். "எயா தென் நே, சேர்."

பரிமளம் சொல்ல வந்தது, அழகம்மா இப்போது இந்தத் தோட்டத்தில் இல்லை என்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளால் மலை ஏற முடியவில்லை. மகள் தனுஷிகா அவளை ராகலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ராகலையில் மகள் வீட்டில் இருக்கிறாள் என்ற அடுத்த வாக்கியம் பரிமளத்தின் வாய்வரை வந்திருந்தது. அதற்குள் தொரையின் முகம் மாறிவிட்டது. கையிலிருந்த பேனாவை மேசையில் வைத்தார். இல்லை என்ற சொல்லை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவளுக்கு விளங்கியது. தமிழிலும் சிங்களத்திலும் அந்தச் சொல் ஒரே மாதிரிதான் இரண்டு பக்கமும் போகிறது.

அவள் பேசவில்லை. பழனியாண்டி வாயைத் திறந்தார். மேசைக்குக் கீழே அவள் கால் அவர் காலின் மேல் ஏறியது. அவர் வாயை மூடிக்கொண்டார். ஜனார்த்தனன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் அழகம்மா உயிரோடு இருப்பது நன்றாகத் தெரியும்.

அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்தது என்று அவளால் சொல்ல முடியாது. இரண்டு நிமிடம் இருக்கலாம். தகரத்தில் மழை விழ ஆரம்பித்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று ஒரு பக்கம் மனது அடித்துக்கொண்டது. இன்னொரு பக்கம் கீழே நிற்கும் முப்பத்தெட்டுப் பெண்கள் நினைவுக்கு வந்தார்கள்.

தொரைதான் முதலில் பேசினார். ஏழாம் நம்பரை மூடுவோம் என்றார். கூட்டை எடுக்க ஆள் கொண்டுவருவேன், அதுவரைக்கும் மூன்றாம் நம்பரில் முழுப் பேர் என்றார். அவள் கேட்காத ஒன்றையும் கொடுத்தார்: இனிமேல் எந்த மலைக்கும் பெண்களை அனுப்புவதற்கு முன்னால் கங்காணி போய் மரங்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஒரு உயிர் போன தோட்டத்தில் இது முன்பே இருந்திருக்க வேண்டும் என்று சிங்களத்தில் சொன்னார். ஜனார்த்தனன் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் பரிமளத்துக்கு அந்தளவு சிங்களம் தெரியும்.

வெளியே வந்ததும் பழனியாண்டி, காலை ஏன் மிதித்தாய் என்று கேட்டார். தெரியாமல் பட்டுவிட்டது அண்ணே என்றாள். அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் நாலு இடத்தில் நின்று, குரலை உயர்த்தாமலேயே பரிமளம் தொரையை மடக்கிவிட்டதைச் சொல்லிவிட்டார். அழகம்மாவின் பகுதியை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாயந்தரம் பெண்கள் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். ஒருத்தி பால் கொடுத்துவிட்டாள், இன்னொருத்தி கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று பரிமளத்துக்குத் தெரிந்தது. தான் சந்தோஷமாக இருக்கிறோமா என்பது மட்டும் தெரியவில்லை.

பொய் சொன்னோமா என்று யோசித்தாள். சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். அது பொய்யானால் அவள் சொன்ன பொய் எங்கே இருக்கிறது என்று தேடினாள், காணவில்லை. அழுதது நிஜமா என்று அடுத்ததாக யோசித்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. நினைத்து வைத்த இடத்தில் வந்த அழுகை நிஜமாக இருக்குமா? ஆனால் அவள் வரவழைக்கவில்லையே, தானாகத்தானே வந்தது.

அந்த வாரம் கொழும்பில் வேலை செய்யும் கணவன் வீரபத்திரன் போனில் கூப்பிட்டு, இந்த மாதம் லீவு கிடைக்காது, வர முடியாது என்றான். அவளுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, பேசாமல் இருந்தாள். அந்தப் பக்கம் அவனும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரி, முதலாளியிடம் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கிறேன் என்றான். போனை வைத்த பிறகு அவள் அடுப்படியில் அப்படியே நின்றாள். புருசன்மேலும் அதைச் செய்துவிட்டோமா, இல்லை வெறுமனே சோர்ந்துபோய் நின்றோமா? முன்பெல்லாம் பேசாமல் இருந்தால் பேசாமல் இருந்ததுதான். இப்போது ஒவ்வொன்றுக்கும் பின்னால் வேறு ஏதோ இருக்கிற மாதிரி தெரிந்தது.

சுதர்ஷினிக்குப் போன் செய்து கேட்டாள். எதிரில் இருப்பவர் தானாகவே ஒன்றைத் தப்பாக விளங்கிக்கொண்டால், நாம் திருத்தாமல் இருந்தால், அது என்ன என்று. சுதர்ஷினி, நீங்கள் பொய் சொன்னீர்களா அக்கா என்று கேட்டாள். இல்லை என்றாள் பரிமளம். ஏன் திருத்தவில்லை என்று கேட்டாள். பரிமளம், முப்பத்தெட்டுப் பேர் என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சுதர்ஷினி, இதுக்கு எங்க பயிற்சியில பதில் இல்லக்கா, யோசிச்சுச் சொல்றேன் என்றாள். பிறகு அவள் கூப்பிடவே இல்லை.

ஒன்பதாம் நாள் வெளியிலிருந்து மூன்று பேர் வந்து நான்கு கூடுகளையும் எடுத்தார்கள். பதின்மூன்றாம் நாள் தொரை பரிமளத்தை வரச் சொன்னார், தனியாக.

நடந்தது இதுதான். அழகம்மா அன்று காலையில் ராகலையிலிருந்து ஆபீஸுக்குப் போன் எடுத்திருக்கிறாள். மகள் வீட்டு முகவரிக்குத் தன் பதிவை மாற்ற, இத்தனை வருடம் இந்தத் தோட்டத்தில் வேலை செய்தவள் என்று ஒரு கடிதம் வேண்டியிருக்கிறது. கிளார்க் அதை எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். தொரை பெயரைப் படித்துவிட்டு, செத்தவருக்கு எதற்குக் கடிதம் என்று கேட்டிருக்கிறார்.

பரிமளம் உள்ளே போனபோது அந்தக் கடிதம் மேசையில் இருந்தது. தொரை கோபமாக இல்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டுத் தன் பாதித் தமிழில் பேசினார்.

"பரிமளம், நீங்க பொய் சொன்னது இல்ல. நான் தப்பா விளங்கினது. அப்படித்தானே?"

எதிரில் இருப்பவர் மானத்தோடு வெளியே போக ஒரு கதவைத் திறந்து வையுங்கள் என்று ஹட்டனில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவர் கதவைத் திறந்து வைக்கிறார். அவரும் எங்கேயாவது படித்திருப்பாரா, இல்லை நல்ல மனிதரா? ஆமாம் சேர் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வெளியே போயிருக்கலாம்.

"இல்லீங்க சேர்," என்றாள். "நீங்க தப்பா எடுத்துக்கிட்டீங்கன்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன்."

ஏன் அதைச் சொன்னாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. கற்றுக்கொண்ட எல்லாவற்றுக்கும் அது நேர்மாறு.

தொரை கண்களைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். இங்கிலீஷில் இருந்தது. அவரே அதைச் சொன்னார். அந்தப் புதன்கிழமை சாயந்தரமே அவர் கொழும்புத் தலைமை ஆபீஸுக்கு எழுதியிருந்தார், இந்த மலையில் ஒரு பெண் தொழிலாளி குளவி கொட்டி இறந்திருக்கிறார் என்று. அதனால்தான் கூடு எடுக்க அனுமதி உடனே வந்தது. மரங்களைப் பார்த்துவிட்டுத்தான் பெண்களை அனுப்ப வேண்டும் என்ற ஒழுங்கையும் அதனால்தான் மறுப்பில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இப்போது, நடக்காத சாவைத் தோட்டத்தின் பேரில் எழுதியவர் அவர். திருத்தி எழுதினால் அந்த ஒழுங்கைத் தேவையில்லை என்று கொழும்பில் எடுத்துவிடலாம், தன் வேலைக்கும் கேள்வி வரலாம். எழுதாமல் விட்டால் ஒருநாள் யாராவது கண்டுபிடிப்பார்கள்.

"நீங்க சொல்லுங்க," என்றார். "நான் என்ன செய்ய?"

பிறகு அவர் பேசவில்லை.

பரிமளம் அவர் முகத்தைப் பார்த்தாள். இது அந்த அமைதிதானா? இவள்மேல் பாரத்தைத் தூக்கி வைத்துவிட்டு, இவளாகவே ஒழுங்கு வேண்டாம் சேர், விட்டுவிடுங்கள் என்று சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரா? இல்லை, உண்மையிலேயே வழி தெரியாமல் ஒரு கொழுந்துக்காரியிடம் கேட்கிறாரா? அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஜனங்களிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பது அவசரத்துக்குச் சொல்லச் சொல்லிக் கொடுத்த பதில். அதைச் சொல்ல வாய் வந்தது. ஆனால் இது ஜனங்களுடைய சாவு இல்லை.

"அழகம்மாகிட்டத்தான் கேக்கணும் சேர். ஞாயித்துக்கெழம போயிட்டு வர்றேன்."

தொரை தலையை ஆட்டினார்.

வெளியே வராந்தாவில் ஜனார்த்தனன் நின்றார். அன்றைக்கு நீங்கள் ஏன் சொல்லவில்லை என்று அவரிடம் கேட்டாள். நான் மொழிபெயர்க்க நின்றவன், நீங்கள் சொன்னதைச் சொன்னேன் என்றார் அவர். பிறகு, மெட்டியைச் சொன்னபோது தனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது என்றும், அன்று மலையில் பெண்களை அந்த வரிசையில் நிறுத்தியது தான்தான் என்றும் சொன்னார். அவ்வளவு சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மௌனத்துக்குக் காரணம் இரக்கமா, பயமா, குற்ற உணர்ச்சியா என்று அவள் பஸ் ஏறும்வரை யோசித்தாள்.

ஞாயிறு காலை பொகவந்தலாவையில் ஏறி, ஹட்டனில் மாறி, நுவரெலியாவில் மாறி, ராகலையில் இறங்கியபோது மத்தியானம் ஆகிவிட்டது. பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியமாக அடுக்கிப் பார்த்தாள். பிறகு அடுக்குவதை நிறுத்திக்கொண்டாள்.

தனுஷிகாவின் வீட்டுக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம். அழகம்மா சாக்கை விரித்து உட்கார்ந்து லீக்ஸைக் கழுவிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தாறு வயது. உடம்பு பாதியாக இளைத்திருந்தது, இடது கண் இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. பரிமளத்தைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து வந்தாள். பரிமளம் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், காலை மிதித்தது உட்பட.

அழகம்மா சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். செத்துப்போனவள் போன் எடுத்ததற்குக் கிளார்க் என்ன நினைத்திருப்பார் என்று கேட்டாள். பரிமளமும் சிரித்தாள், அப்பாடா என்று இருந்தது. பிறகு அழகம்மா ஒரு லீக்ஸை எடுத்து வேரை நறுக்கினாள். இன்னொன்றை எடுத்தாள். சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

"என்னப் பத்தி என்னா சொன்ன?"

பரிமளம் சொன்னாள். கானுக்குள் கிடந்தது, முகம், மெட்டி, சாக்கு, தண்ணீர்.

"மெட்டியப் பாத்தா தெரிஞ்சுக்கிட்ட?"

"ஆமாக்கா."

"இதெல்லாம் எனக்கே தெரியாது. யாரும் எனக்குச் சொல்லல." நறுக்கியதைக் கட்டோடு சேர்த்து வைத்தாள். "தொரைக்குச் சொன்ன. எனக்குச் சொல்லல."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவளிடம் அதைப் பேச வேண்டாம் என்று லயத்தில் எல்லோரும் ஒதுக்கி வைத்திருந்தார்கள், நல்லதுக்குத்தான். பரிமளம் அதைச் சொல்ல நினைத்தாள். சாக்காகப் போய்விடும் போல இருந்ததால் சொல்லவில்லை.

"சொல்றப்ப அழுதியா?"

"அழுதேன்."

"நெசமாவா?"

பரிமளம் யோசித்தாள். பீலிக்கரையை யோசித்தாள், ஆபீஸை யோசித்தாள். அழகம்மா திறந்த கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலக்கா," என்றாள்.

அழகம்மா அடுத்த லீக்ஸை எடுத்தாள். கோபப்பட்டாளா, ஏற்றுக்கொண்டாளா என்று முகத்தில் தெரியவில்லை. தனுஷிகா வந்து சோறு போடட்டுமா என்று கேட்டாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் அழகம்மா தன் முடிவைச் சொன்னாள். உயிரோடுதான் இருக்கிறேன் என்று தொரையை எழுதச் சொல். எனக்குக் கடிதம் வேண்டும். செத்தவள் என்று ஒரு இடத்தில் எழுதி வைத்துவிட்டு இன்னொரு இடத்தில் கடிதம் கேட்டுக்கொண்டு நிற்க எனக்கு ஏலாது. அந்த ஒழுங்கை எடுத்தால் நீங்கள் முப்பத்தெட்டுப் பேரும் மலைக்குப் போகாதீர்கள், அதற்கு நான் சாக வேண்டுமா என்று கேட்டாள். சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அது வருத்தத்தில் சொன்னதா, வெறும் யோசனையா என்று பரிமளம் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை அழகம்மா கூட நடந்து வந்தாள். ஒரு கட்டு லீக்ஸ் கொடுத்தாள். பஸ் வரும்வரை இருவரும் மகள் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள்.

திங்கட்கிழமை பரிமளம் போய்ச் சொன்னதும் தொரை அவள் முன்னாலேயே திருத்தம் எழுதினார். தான் விளங்கிக்கொண்டதில் பிழை என்று மட்டும் எழுதினார். அவள் பெயரைப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அவள் கேட்கவில்லை, நன்றி சொல்ல வேண்டுமா என்றும் தெரியவில்லை. அழகம்மாவின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, தபாலில் போக வேண்டாம், நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று அவளிடம் கொடுத்தார்.

தலைமை ஆபீஸிலிருந்து மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது ஒரு படிவம், இறப்பில்லாத விபத்துகளுக்கு நிரப்புவது. அதை நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஒழுங்கை எடுக்கச் சொல்லவும் இல்லை, வைத்துக்கொள்ளச் சொல்லவும் இல்லை. அதனால் அது தொடர்ந்தது. காலைப் பெரட்டில் பெண்கள் வேலைக்குக் கூடி நிற்கும்போது கங்காணி மலையிலிருந்து இறங்கி வந்து, மரம் பார்த்தாச்சு என்று சொல்வார். அவர் உண்மையிலேயே மேலே வரைக்கும் ஏறினாரா, பாதியில் நின்று பார்த்தாரா என்று யாருக்கும் தெரியாது. பரிமளம் இரண்டு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தாள். அந்த இரண்டு நாளும் ஏறினார்.

மிச்சக் குளவிகளும் அடங்கிய பிறகு, ஏழாம் நம்பருக்கு அவர்கள் திரும்பப் போனது மாதக் கடைசியில். கொழுந்து முற்றிக் கரடாகிக் கிடந்தது. இரண்டு நாள் அதை முறித்துப் போடுவதிலேயே போனது. வரிசை பிரித்து நிறுத்த வந்த ஜனார்த்தனன், மேல் முனையில் யார் நிற்கிறீர்கள் என்று கேட்டார். முன்பு அவர் கேட்டதில்லை, நிறுத்துவார். பெண்கள் பரிமளத்தைப் பார்த்தார்கள், அவள் ஏதாவது பேசுவாள் என்று. கூடையை மாட்டிக்கொண்டு அவளே மேல் முனைக்கு ஏறினாள். டர்பன்டைன் மரங்களில் கூடு இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, குனிந்து முதல் செடியில் கையை வைத்தாள்.